அக்காவின் இருபத்தெட்டுப் பற்கள்

பெட்டிகள் சுற்றிவரும் கறுப்புப் பட்டையின் முன்னால் கடைசியாக மிஞ்சியவர் பல்லுக்காரர்தான். அதே விமானத்தில் வந்த அத்தனை பேரும் அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாருடையதோ ஒரு குழந்தைத் தள்ளுவண்டி மட்டும் ஏழாவது சுற்று வந்தது. ஏழாவது முறையும் அவர் அதைக் குனிந்து பார்த்தார், தன் தோல்பை அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதுபோல. பிறகு பட்டையே வெட்கப்பட்ட மாதிரி நின்றுவிட்டது.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து அந்த அச்சுக்குப் பல் செட் செய்து கொடுப்பார். வருகிறவர்கள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு இவர் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போவார்கள். முப்பது வருடமாக அடுத்தவர் சிரிப்பைச் செய்துதான் பிழைப்பு. அவருடைய சொந்தப் பற்களைப் பற்றிக் கேட்காமலிருப்பது நாகரிகம்.

காணாமல் போன பையில் பல்லைத் தேய்த்துச் சீராக்கும் அவருடைய கைமோட்டார், அரங்கள், மெழுகுக் கத்தி, அவற்றுக்கு நடுவே ஈரப் பஞ்சில் சுற்றி ஒரு டப்பாவில் அக்காவின் பல் செட்.

அக்கா இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. ஈறு கெட்டுப்போய் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பல் விடாமல் எடுத்துவிட்டார்கள். அங்கேயே ஒரு டாக்டரம்மா, "ஈறு ஆறினதும் மூணே வாரத்துல புதுசு போட்டுடலாம்" என்றாள். இவர்தான் தொலைபேசியில் குதித்தார். "ஊர் பேர் தெரியாத எவனோ செஞ்ச பல்ல என் அக்கா போடறதா? அப்ப நான் எதுக்குக்கா இருக்கேன்? அச்சை மட்டும் அனுப்பச் சொல்லு." அக்கா நம்பினாள். நாலு மாதம் முகக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். துண்டுச் சீட்டிலேயே பள்ளிக்கூடத்தை நடத்தினாள். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்குப் பணி ஓய்வுக்கான பிரிவு உபசார விழா. முப்பத்து நாலு வருட வேலைக்கு நாலு பக்கத்தில் ஓர் உரை எழுதி வைத்திருந்தாள். அதைப் பல்லோடு நின்று பேச வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

செட்டும் பிரமாதமாக வந்திருந்தது. அக்காவின் பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேல் வரிசையில் ஒரு பல்லை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக உட்கார வைத்திருந்தார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறித்தான் நிற்கும். வரிசை ஒழுங்காக இருந்தால் அது யாரோ ஒருத்தியின் சிரிப்பு.

சரி, இவ்வளவு அருமையான பல்லை எவனாவது கையில் வைத்துக்கொள்ளாமல் பெட்டியோடு போடுவானா? இந்தக் கேள்வியை அவர் தன்னையே நூறு தடவை கேட்டுக்கொண்டாயிற்று. பட்டறையில் அவருக்கு ஒரு விதி உண்டு: வாய்க்குள் போய் உட்காரும்வரை செட்டையும் ஆயுதங்களையும் பிரிக்கக் கூடாது. எங்கே உறுத்தும், எங்கே அரம் போட வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முப்பது வருடப் பழக்கம். விமானத்தில் ஏறுமுன் பாதுகாப்புச் சோதனையில், அரத்தையும் கத்தியையும் பார்த்துவிட்டு, "இதை மேல கொண்டுபோக முடியாது" என்றார்கள். டப்பாவை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவருக்குத் தோன்றவே இல்லை. கவுன்டரில் இருந்த பெண் வேறு அவ்வளவு இனிமையாக, "குடுங்க அங்கிள், பத்திரமா போய்ச் சேரும். நான் இருக்கேன்ல?" என்றாள். பையை மொத்தமாக அவள் கையில் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தார்.

காணாமல் போன பெட்டிகளுக்கான மேசையில் இருந்த பெண் படிவத்தை எடுத்தாள்.

"பையில என்ன சார் இருந்துச்சு?"

"பல்லு."

"பல் தேய்க்கிற பிரஷ்ஷா?"

"பல்லும்மா. இருபத்தெட்டு."

பேனா நின்றது. "மனுஷப் பல்லா சார்?"

"எங்க அக்காவோடது."

அவள் நாற்காலியை ஓர் அங்குலம் பின்னால் நகர்த்தினாள். "அக்கா இப்ப..."

"நல்லா இருக்காங்க. வீட்டுல இருக்காங்க. பல்லு மட்டும்தான் உங்ககிட்ட இருக்கு."

படிவத்தில் உடை, மின்சாதனம், உணவு என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. பல்லுக்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்பதில் ஒரு கோடு இழுத்தாள். அவருடைய கைபேசி இந்த ஊரில் வேலை செய்யாது என்பதால் உள்ளூர்த் தொடர்புக்கு அத்தானின் எண்ணைக் கொடுத்தார். சும்மா இல்லை, பெருமையாகவே கொடுத்தார். ஏனென்றால் அத்தான் இதே விமானக் கம்பெனியில், இதே மேசையில், இருபத்தாறு வருடம் உட்கார்ந்து மூன்று வருடத்துக்கு முன்தான் ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோரும் அவரைக் 'கம்பெனி' என்றே கூப்பிடுவார்கள். மழை பெய்தால்கூட, "நம்ம கம்பெனி வண்டி இதுலயும் நேரத்துக்கு எறங்கும்" என்று சொல்லக்கூடிய மனிதர்.

வெளியே காத்திருந்த கம்பெனி, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"அட, இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கே மச்சான்? நம்ம கம்பெனியில ஒரு கைக்குட்டைகூட தொலைஞ்சதில்ல. வழி மாறிப் போகும், அவ்வளவுதான். இப்ப அந்த மேசைக்கு அதிகாரி யாரு தெரியுமா? நான் வேலை பழக்கிவிட்ட ஆளு. தங்கக்கம்பி! ஒரு போன் போட்டா போதும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமா அத்தான்?"

"வெள்ளியா? நாளைக்கே வந்துடும்."

வீட்டு வாசலில் நின்ற அக்கா முதலில் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பல் போனதிலிருந்து அக்கா வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை. ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் செய்தி அனுப்புவாள். இவருடைய கைபேசி வீட்டு இணையத்தில் இணைந்ததும் முதல் செய்தி வந்தது. 'சாப்பிட்டியா?' அடுத்தது, 'எங்கே?'

"நாளைக்கு வந்துடும்கா. உன் வீட்டுக்காரர் ஆளு வச்சிருக்கார்."

அக்கா கணவரைப் பார்த்தாள். கம்பெனி நெஞ்சில் கையை வைத்து, "என் பொறுப்பு" என்றார். அக்கா கண்ணால் சிரித்தாள். நாலு மாதமாக அவள் அப்படித்தான் சிரிக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பை வரவில்லை. பல்லுக்காரர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. அதை நிரூபிப்பதற்காக முப்பத்தைந்து நிமிடம் புல்லாங்குழல் வாசித்தது. கடைசியில் கிடைத்த ஆள் மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"உங்க மனநிலை எனக்கு நல்லா புரியுது சார்."

"புரியட்டும் தம்பி. பை எங்கே?"

"உங்க பொறுமைக்கு நன்றி சார்."

"எனக்குப் பொறுமையே இல்லப்பா. இல்லாததுக்கு ஏன் நன்றி சொல்றே?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

'வேற' என்ற சொல் அவரை உறுத்தியது. ஒரு உதவி செய்திருந்தால் அல்லவா வேறு உதவி கேட்க முடியும்?

அன்று மாலை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் புல்லாங்குழல். கம்பெனி இதைக் கவனித்துவிட்டு, மெல்ல வந்து அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி வைத்தார்.

"மச்சான், உள்ள நடக்கிறது உனக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டா 'தொல்லை புடிச்ச ஆளு'ன்னு குறிச்சு வச்சு, அடியில தள்ளிடுவாங்க. விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். புதன்கிழமை மனம் கேட்காமல், அத்தான் குளிக்கப் போன நேரத்தில், திருட்டுத்தனமாக ஒருமுறை கூப்பிட்டார். ஒரு குரல், "உங்க புகார் கடைசிக் கட்டத்துல இருக்கு சார்" என்றது. ஆகா, கடைசிக் கட்டம்! அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அக்கா அன்று சாயங்காலமே நாலு பக்க உரையை எடுத்து, கண்ணாடிமுன் நின்று, உதடு மட்டும் அசைய வாசித்துப் பார்த்தாள். கதவிடுக்கில் அதைப் பார்த்த பல்லுக்காரர், மேல் வரிசையின் அந்தக் கோணல் பல் கண்ணாடியில் எப்படித் தெரியும் என்று மனதுக்குள் ஒட்டிப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அக்கா பள்ளிக்கும் கம்பெனி காய்கறி வாங்கவும் போயிருந்தார்கள். மறுபடி தொலைபேசி. புல்லாங்குழலுக்கு இதற்குள் அவர் தாளம் போடவே பழகிவிட்டார். இந்தமுறை கிடைத்தது ஒரு பெண் குரல். அவளும் அதே பாட்டைத்தான் பாடினாள், ஆனால் அவளுடைய ஒவ்வொரு 'சார்' என்பதற்கும் முன்னால் மெல்லிய ஒரு காற்று சீட்டியடித்தது. பல்லுக்காரரின் காது நிமிர்ந்துகொண்டது. தொழில் புத்தி எங்கே போகும்?

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மேல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு சந்து இருக்கா?"

"சார், இந்தப் பேச்சு பதிவாகுது."

"ஆகட்டுமே. பல்லைப் பத்தித்தானே கேட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். ஒப்பிக்கிற குரல் எங்கேயோ போய், வீட்டுக் குரல் வந்தது. "எப்படி சார் கண்டுபுடிச்சீங்க? எங்கம்மா இதை அடைச்சுடுன்னு உயிரை எடுக்கறாங்க."

"அடைக்காதீங்கம்மா. அதுதான் உங்க முகம். அடைச்சா நல்லாத்தான் இருக்கும், ஆனா அது நீங்களா இருக்க மாட்டீங்க." பிறகு, கேட்காமலே, அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாலு மாதம், முகக்கவசம், துண்டுச் சீட்டு, நாளைக்குப் பத்து மணி. அச்சை உடைத்துத்தான் செட்டை வெளியே எடுக்க முடியும் என்பதால் மறுபடி செய்யப் பட்டறையில் அச்சும் கிடையாது என்பது. கோணல் பல்லையும் சொன்னார். அவள் நடுவில் ஒருமுறைகூடத் தன் மனநிலைப் புரிதலைத் தெரிவிக்கவில்லை. தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"சார்... நான் இதைச் சொல்லக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"உங்க புகாரை செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மூடிட்டாங்க. பை கிடைச்சாச்சுன்னு."

"எங்கே கிடைச்சுது? எனக்குக் கிடைக்கலையே!"

"நீங்க குடுத்த உள்ளூர் நம்பர்ல பேசியிருக்காங்க. 'பயணியின் அக்கா கணவர் பேசினார். பை கைக்கு வந்து சேர்ந்ததாக உறுதி செய்தார்'னு எழுதியிருக்கு." அவள் குரல் இறங்கிவிட்டது. "பை நிஜமாவே புதன்கிழமை காலையில நீங்க இருக்கற ஊருக்கு வந்திருக்கு சார். ஆனா புகார் மூடியிருந்ததால, தேடற ஆள் இல்லைன்னு, தலைமைக் கிடங்குக்கு ஏத்திட்டாங்க. அங்க மாசத்துக்கு ஒருதடவைதான் பிரிப்பாங்க. என்னால அதை நிறுத்த முடியாது. மன்னிச்சுடுங்க."

இது ஒப்பித்த மன்னிப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு வைத்தார். கை தொலைபேசியின் மேலேயே இருந்தது. செவ்வாய் சாயங்காலம். இதே இடத்தில், இதே கையிலிருந்துதான் அத்தான் இதை வாங்கி வைத்தார். 'நான் பாத்துக்கறேன்.' பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கம்பெனி காய்கறிப் பையோடு வந்து சமையலறையில் குழாயைத் திறந்தார். பல்லுக்காரர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கத்த வேண்டும் என்று வந்தவர் மெல்லத்தான் கேட்டார்.

"அத்தான், பை வந்துடுச்சாமே?"

கம்பெனியின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. "வந்துடுச்சா? நான் சொன்னேன்ல?"

"உங்க கைக்கு வந்துடுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாம். செவ்வாய்க்கிழமை."

கம்பெனி கேரட்டை எடுத்து, கழுவியதையே மறுபடி கழுவினார்.

"தங்கக்கம்பி கேட்டான் மச்சான். ரெண்டு நாளைக்கு மேல புகார் திறந்து கெடந்தா அவன் பேர்ல கறுப்புப் புள்ளி விழும். அடுத்த மாசம் அவனுக்குப் பெரிய பதவி வருது. 'மூடிட்டுத் தேடறேன் சார், நானே வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கறேன்'னான். அதுதான் அங்க நடைமுறை. மூடிட்டுத் தேடறது. நானும் இருபத்தாறு வருஷம் அப்படித்தான் பண்ணேன்."

"எத்தனை பேருக்கு?"

"பெரும்பாலும் கெடைச்சுடும்."

"கெடைக்காதவங்களுக்கு?"

கம்பெனி குழாயை மூடினார்.

"மூடினா பை கிடங்குக்குப் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா அத்தான்?"

"தெரியும். அதுக்குள்ள அவன் எடுத்துடுவான்னு நெனச்சேன். என் பேச்சைத் தட்ட மாட்டான் அவன்."

பல்லுக்காரருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. நாலு மாதமாக வீட்டிலும் வாயைப் பொத்திக்கொண்டு திரியும் மனைவி ஒரு பக்கம், எவனோ ஒருவனின் பேரில் விழப்போகும் புள்ளி ஒரு பக்கம். தராசு இந்த மனிதருக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது பாருங்கள்!

இருவரும் விமான நிலையத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் கம்பெனி, "நேர்ல போனா வேற மாதிரி. எல்லாரும் என் பிள்ளைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பணியாளர் வாசலில் காவலாளி அவருடைய பழைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது செல்லாதுங்க. பொதுமக்கள் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினான். பொதுமக்கள் என்ற சொல் தன்னைக் குறிக்கிறது என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. இருபது நிமிடம் கழித்துத் தங்கக்கம்பி வெளியே வந்தான். நாற்பது வயது, இஸ்திரி குலையாத சட்டை, நெஞ்சில் பளபளவென்று பெயர்ப் பட்டை. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தம்பி, அந்தப் பை கிடங்குக்குப் போயிடுச்சாம்ல? ஒரு போன் போட்டுத் திருப்பி வரவழைச்சுடுப்பா. நாளைக்குக் காலையில வேணும்."

"புகார் மூடியாச்சே சார். நீங்களே கெடைச்சுடுச்சுன்னு சொல்லிட்டீங்க. உங்க குரல் பதிவுல இருக்கு. இப்ப நான் திறந்தா, ஏன் மூடினேன்னு என்னையில்ல கேப்பாங்க?"

"நீ கேட்டதாலதானேடா சொன்னேன்?"

தங்கக்கம்பி அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "உங்க மனநிலை எனக்கு நல்லா புரியுது சார். உங்க பொறுமைக்கு நன்றி."

அந்த வாக்கியங்களை அந்த மேசைக்கு எழுதிக் கொடுத்ததே அத்தான்தான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்ய வைப்பாராம். எத்தனை அழுத்தம், எங்கே இடைவெளி எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. திரும்பி நடக்கும்போது அவர் அதைத் தானாகவே சொன்னார். பல்லுக்காரர் கேட்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பாவமாக இருந்தது. அது வேறு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதர் மேல் முழுதாகக் கோபப்படக்கூட இவர்கள் விடுவதில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் சொன்னார்: "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன் மச்சான். சத்தியமா சொல்றேன்."

அக்கா பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

கம்பெனி தொண்டையைச் செருமினார். "வராதும்மா. நாளைக்குள்ள வராது." நிறுத்தினார். பல்லுக்காரர் காத்திருந்தார். "என்ன பண்றது? அவ்வளவு முக்கியமான சாமானைக் கையில வச்சுக்கணும். கொண்டுபோய் ஆயுதத்தோட போட்டா? உன் தம்பி கொஞ்சம் யோசிச்சிருந்தா இந்த வம்பே இல்ல."

அக்கா தம்பியைப் பார்த்தாள். நடந்தது அத்தனையும் பல்லுக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அத்தான் சொன்னது பாதி நிஜம் வேறு. பாதி நிஜத்தை எப்படி மறுப்பது? விடிந்தால் பத்து மணிக்கு அவள் மேடையேற வேண்டும், இந்த மனிதர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"ஆமாக்கா," என்றார். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். கழட்டினதும் குடு, நானே அடிச்சுக்கறேன்."

அக்கா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உரையைத் துணைத் தலைமையாசிரியர் வாசித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நேரமாகிறது என்று மூன்றாம் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டார். மூன்றாம் பக்கத்தில்தான் அக்கா, தன்னிடம் படித்துத் தேறாமல் போன பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தாள். அந்தத் தாள் புரண்டபோது அவள் கை தானாக உயர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. கை மடிக்குத் திரும்பியது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. முன் வரிசையில் இருந்த கம்பெனி எல்லோரையும்விட நெடுநேரம் தட்டினார். பின் வரிசையில் இருந்த பல்லுக்காரர் தட்டவில்லை.

சனிக்கிழமை காலை அவர் டாக்டரம்மாவிடம் போய் அச்சு மாவும் அதை வாயில் வைக்க இரண்டு தட்டுகளும் கேட்டு வாங்கி வந்தார். ஊருக்குத் திரும்புவதற்குள் முதல் அச்சையாவது எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று. சமையலறை நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டினார். மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, மேல் அண்ணத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார்.

"மூணு நிமிஷம் அசையக் கூடாது. மூக்கால மூச்சு விடு. உனக்கு இது புதுசில்லையே, பேசாம இருக்கிறது."

கூடத்தில் கம்பெனி செய்தித்தாள் படிக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் கை மடியிலிருந்த கைபேசியைத் தடவி எடுத்தது. வாய் நிறைய மாவோடு அவள் தட்டச்சு செய்து, திரையை அவர் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்.

'வியாழக்கிழமை ரெண்டு பேரும் எங்க போனீங்க?'

"சும்மாதான்கா. ஏர்போர்ட் வரைக்கும்."

'முப்பத்து நாலு வருஷம் பொய் சொல்ற மூஞ்சிங்களைத்தான் பாத்திருக்கேன். சொல்லு.'

அவர் விரல்கள் அவள் வாய்க்குள் இருந்தன. எழுந்து போக முடியாது. வேறு பக்கம் பார்க்கவும் முடியாது. ஒரு சாண் தூரத்தில் அவள் கண்கள். ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லலாமா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"பை புதன்கிழமையே வந்துடுச்சுக்கா," என்றார் மிக மெதுவாக. "அத்தான்தான்... கைக்கு வந்துடுச்சுன்னு செவ்வாய்க்கிழமையே போன்ல சொல்லிட்டாரு. அந்த ஆளோட வேலைக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதுன்னு. அதனால பை நிக்காம போயிடுச்சு."

அக்கா அசையவில்லை. கைபேசி மடியில் விழுந்தது. கண்ணின் ஓரத்தில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கி அவர் மணிக்கட்டைத் தொட்டது. தாடை நடுங்க ஆரம்பித்தது.

"அழாதக்கா. இன்னும் ஒரே நிமிஷம். அச்சு கெட்டுடும்." சொன்ன பிறகுதான், என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "சரி, அழு. கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்."

நேரமானதும் தட்டைக் கழற்றி எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஈறின் வளைவு நெடுகச் சின்னச் சின்ன அலைகள் விழுந்திருந்தன. எதற்கும் ஆகாது. சுரண்டித் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் மாவை அளக்கத் தொடங்கினார்.

அக்கா எழுந்து குழாயில் வாயைக் கொப்பளித்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க."

பல்லில்லாமல் குழைந்து வந்தாலும், பள்ளி மைதானத்தின் கடைசிவரை கேட்கிற குரல் அது. செய்தித்தாள் மடிகிற சத்தம் கேட்டது.

"இங்க வாங்க."

பல்லுக்காரர் மாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.